பூச்சிகளோடு சேர்ந்து நகை செய்வது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. புழுவும் குளவியும் தேனீயும் கட்டி முடித்தவற்றை வைத்து அங்கே தோடு, பதக்கம், கழுத்துக் கோர்வை செய்கிறோம். கண்காட்சி மேசைக்கு வருகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பூச்சியோடு சேர்ந்து நகை செய்வதென்றால் என்ன? செத்த பூச்சியைப் பிசினுக்குள் போட்டு விற்பதா?

இல்லை. அது வேறு தொழில். சில பூச்சிகள் தங்களுக்கென்று வீடு கட்டும், கூடு பின்னும், மெழுகில் அறை எழுப்பும். அவை கட்டும் காலத்தில் நாங்கள் விரும்பும் பொருளைப் பக்கத்தில் வைக்கிறோம், அல்லது கட்டுவதற்கு ஒரு சட்டத்தைக் கொடுக்கிறோம். எடுப்பதா விடுவதா, எதை எங்கே பொருத்துவது என்பதெல்லாம் பூச்சியின் முடிவு. வேலை முடிந்து, பூச்சி அந்தக் கூட்டை விட்டுப் போன பிறகுதான் அது எங்கள் கைக்கு வரும். இந்தக் கடைசி விதியை நான் ஒருநாளும் தளர்த்துவதில்லை. உள்ளே உயிர் இருக்கும்போது எடுத்தால் அது களவு.

இதை உங்களுக்கு முன்னர் யாராவது செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர். பிரான்ஸ் நாட்டுக் கலைஞர் யூபேர் துப்ரா 1980களின் தொடக்கத்தில் ஓடைகளில் வாழும் ஒருவகைப் புழுவைத் தொட்டியில் வளர்த்தார். அந்தப் புழு வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் குச்சியையும் ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். அவர் மணலுக்குப் பதிலாகப் பொன்துகள், முத்து, நீலப்பச்சைக் கல் போட்டார். புழு அவற்றைக் கொண்டே குழாயைக் கட்டியது.

கனடாவில் அகனேதா டைக் என்ற கலைஞர் 1990களிலிருந்து உடைந்த பீங்கான் பொம்மைகளைத் தேன்பெட்டிக்குள் வைத்தார். தேனீக்கள் உடைந்த இடங்களில் தேன்வதை கட்டின. அவர் தேனீக்களைத் தன் கூட்டாளிகள் என்றே சொன்னார். சிலோவாக்கியாவில் பிறந்த தோமாஷ் லிபர்தீனி பூச்சாடி வடிவில் ஒரு அச்சு கொடுத்தார். ஏறத்தாழ 40,000 தேனீக்கள் ஒரு வாரத்தில் அதன்மேல் மெழுகுச் சாடி ஒன்றைக் கட்டி முடித்தன.

இவையெல்லாம் நவீன கலை. ஆனால் நகைத் தொழிலுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு இவற்றைவிட மிகப் பழையது. பத்தர் பட்டறையில் வார்ப்புக்கு எடுக்கிற மெழுகு தேனீ தந்தது. உள்ளீடற்ற நகைக்குள் நிரப்புகிற அரக்கு அரக்குப் பூச்சி தந்தது. என் அப்பா பொன்வேலை செய்தவர். இந்த இரண்டு பொருளும் இல்லாமல் அவருடைய பட்டறை ஒருநாளும் இயங்கியதில்லை.

வன்னியில் எந்தப் பூச்சியோடு தொடங்கலாம்?

விறகுக்கட்டுப் புழுவோடு. புத்தகப் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்தால் உங்களுக்கே தெரியும். சவுக்கு, வேலமரம், வேலியோர மரங்களில் விரல் நீளத்தில் ஒரு குச்சிக்கட்டுத் தொங்கும். காய்ந்த சுள்ளிதான் சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கடந்து போவோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அது மெல்ல நகரும். மேல் வாயால் ஒரு கறுப்புத் தலையும் ஆறு கால்களும் வெளியே வந்து, இலையைக் கடித்துக்கொண்டே வீட்டை இழுத்துக்கொண்டு போகும். தொட்டால் சட்டென்று உள்ளே போய் வாயைச் சுருக்கிக்கொள்ளும்.

அந்தக் கட்டை ஒருக்கா கையில் எடுத்துப் பாருங்கள். காலியானதை மட்டும். சுள்ளிகள் எல்லாம் நெடுக்காக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அடுக்கியிருக்கும். முனைகள் கத்தரித்தது போல நேராக இருக்கும். அவ்வளவையும் அது தன் தாடையால் வெட்டுகிறது. வெளியே இவ்வளவு முரடு, உள்ளே விரலை விட்டால் வெண்சாம்பல் நிறத்தில் மென்பட்டு. பிய்க்கப் பார்த்தால் பிய்க்க முடியாது, அவ்வளவு உறுதி. தோட்டக்காரர் பீடை என்று மருந்தடிக்கிற புழுதான் இது. வேலி மரத்தில் மருந்தடிக்க முன் எங்களைக் கூப்பிடச் சொல்லி அயலுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அது சுள்ளியைத்தானே கட்டும்? நகைக்கான நிறம் எங்கிருந்து வரும்?

புழு சின்னதாக இருக்கும்போதே வீடு கட்டத் தொடங்கிவிடும். உடம்பு வளர வளர வீட்டையும் பெருப்பிக்கும். புதிய துண்டுகள் தலைப்பக்கம்தான் சேரும், பழையவை வால்பக்கம் இருக்கும். ஆகவே பாதி வளர்ந்த புழுவுக்கு வேறு பொருள் கொடுத்தால், வால்பக்கம் மரச்சுள்ளி, தலைப்பக்கம் நாங்கள் கொடுத்தது என்று ஒரே கூட்டில் இரண்டு பருவம் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தவை இப்படி இரண்டும் கலந்த கூடுகளே.

ஜப்பானில் சிறுவர்கள் இதே குடும்பத்துப் புழுக்களுக்கு நிறக் கடதாசித் துண்டும் நூலும் கொடுத்து நிறக் கூடு கட்டவைத்து விளையாடுவார்கள். அதற்காகப் புழுவை அதன் பழைய கூட்டிலிருந்து உரித்தெடுப்பார்கள். நான் உரிப்பதில்லை. உடுப்பில்லாத புழுவுக்கு எறும்பிடமிருந்தோ வெயிலிலிருந்தோ பாதுகாப்பில்லை.

நாங்கள் செய்வது இதுதான். எந்த மரத்தில் கண்டோமோ அதே மரத்தின் இலைகளை மட்டும் காம்பும் நரம்பும் இல்லாமல் கொடுக்கிறோம். காம்பு இருந்தால் புழு அதைத்தான் வெட்டி எடுக்கும், நாங்கள் கொடுப்பதைத் திரும்பியும் பார்க்காது. பக்கத்தில் சாயமேற்றிய பனங்குருத்தோலையை மெல்லிய ஈர்க்காகக் கிழித்து, அரை விரற்கடை நீளத்தில் வெட்டிப் போடுகிறோம். ஓலை இலேசானது, தாடையால் வெட்டலாம், பட்டு நூல் அதில் நன்றாகப் பிடிக்கும். மஞ்சளில் தோய்த்தது, பீற்றூட்டில் தோய்த்தது இரண்டும் நல்ல நிறம் தரும். கடைச் சாயத்தில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாததால் அது பக்கம் போவதில்லை. ஒவ்வொரு துண்டையும் புழு வாயால் கடித்துப் பார்க்கிறது.

வெள்ளி, பித்தளை போன்ற உலோகத் துண்டு கேட்பவர்கள் உண்டு. கொடுப்பதில்லை. அந்த வீட்டை அது இரவும் பகலும் சுமக்கிறது, பாரத்தைக் கூட்டக்கூடாது.

பெட்டிக்கு நுளம்பு வலைதான் மூடி. காற்றுப் போகும், குருவியும் முசுறும் வராது. எங்கள் பக்கம் மாரி ஓய்ந்து தளிர் விடுகிற தை, மாசி மாதங்களில் பாதி வளர்ந்த புழுக்களைத் தேடத் தொடங்குவோம்.

கூடு காலியாகிவிட்டதென்று எப்படித் தெரியும்?

இதைத் தெரியாமல் யாரும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வளர்ந்து முடிந்த புழு தீனியை நிறுத்தி, கூட்டின் மேல்வாயைப் பட்டு நூலால் கிளையில் இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே தலைகீழாகத் திரும்பும். அதன்பின் நகராது. ஆணாக இருந்தால் சில கிழமையில் சிறகு முளைத்த அந்துப்பூச்சியாகக் கீழ்வாயால் வெளியேறும். போகும்போது பழுப்பு நிறத்து வெற்றுத் தோலொன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு கீழ்வாயில் நிற்கும். அதைக் கண்டால் கூடு உங்களுடையது.

பெண்ணுக்குச் சிறகே இல்லை. அது கூட்டை விட்டு வெளியே வராது. ஆண் அதைத் தேடி வரும், முட்டையும் கூட்டுக்குள்ளேயேதான். ஆகவே வெளித்தோல் நீட்டாத கூட்டை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. குஞ்சுகள் பொரித்து, மெல்லிய நூலில் தொங்கித் தொங்கிக் காற்றோடு போகும் வரை பொறுக்க வேண்டும். நாங்கள் அப்படிப்பட்ட கூட்டைக் கிளையோடு வெட்டி மரத்திலேயே வேறிடத்தில் கட்டிவிடுகிறோம். பிறகு கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, கீழ்வாயை விரித்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே எடுக்கிறோம்.

அதை எப்படி நகையாக்குவது?

முதலில் இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைக்கிறோம். பட்டு நூலைத் தின்னும் சின்ன வண்டுகளோ பேன்களோ உள்ளே இருந்தால் அதோடு முடியும். பிறகு நிழலில் உலர விடுகிறோம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மென்தூரிகையால் மிக மெல்லிய ஒரு பூச்சு. இரண்டாவது பூச்சுப் போட்டால் பளபளப்பு ஏறிப் பிளாஸ்ரிக் போல ஆகிவிடும், சுள்ளியின் சொரசொரப்புப் போய்விடும்.

வெள்ளி வேலை தனியே நடக்கும். கம்பியை அச்சில் இழுத்து, மேல்வாய்க்குப் பொருந்த ஒரு தொப்பி செய்து, வளையத்தைப் பற்றாசு என்ற ஒட்டுலோகம் வைத்து ஊதி முடித்து, வெண்காரம் கழுவி, ஆறவிட்ட பிறகுதான் கூடு உள்ளே போகும். பட்டு சூட்டைத் தாங்காது. அதனால் கடைசிப் பிடிப்பெல்லாம் சாவணம் என்ற இடுக்கியால் மடக்குகிற நகப்பிடிகள்தான். ஒரே மரத்தில் வளர்ந்த இரண்டு கூட்டைக்கூட ஒரே அளவில் பார்க்க முடியாது. சோடித் தோடு வேண்டுமென்றால், ஒன்று கொஞ்சம் நீளமாக, ஒன்று கட்டையாகத்தான் கிடைக்கும். அதை விரும்பி வாங்குகிறவர்களுக்குத்தான் நான் தோடு செய்து கொடுக்கிறேன்.

தேனீயோடு என்ன செய்கிறீர்கள்?

வன்னித் தேனுக்குப் பெயர் உண்டு. பாலையும் வீரையும் பூக்கிற காடு இது. காட்டில் நான்கு வகை இருக்கின்றன: பெரிய மலைத்தேனீ, கிளையில் ஒற்றை வதை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் பொந்துத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ. பெட்டியில் வளர ஒத்துக்கொள்வது பொந்துத்தேனீ. வதைகளை அடுக்காகக் கட்டுவதால் அதன் சட்டங்களுக்கு நடுவே எங்கள் சட்டத்தையும் வைக்கலாம்.

வெள்ளிக் கம்பியில் இலை வடிவமோ வட்டமோ செய்து, அதை அதே கூட்டின் உருகிய மெழுகில் ஒருக்கா தோய்த்து எடுக்கிறோம். வேறு கூட்டு மெழுகு வாசம் பிடிக்காமல் போகலாம். பூக்காலத்தில், தேன் நன்றாக வருகிற நேரத்தில், அதைச் சட்டத்தில் தொங்கவிடுகிறோம். தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் எட்டு மெழுகுச் சுரப்பிகள். அங்கிருந்து மீன்செதில் போல வரும் மெழுகைக் காலால் எடுத்து வாயால் மென்று ஒட்டும். ஒரு கிலோ மெழுகு சுரக்க அவற்றுக்குப் பல கிலோ தேன் செலவாகும். பட்டினிக் காலத்தில் மெழுகு கேட்பது கொடுமை, அவையும் கட்டமாட்டா. கம்பி வட்டத்துக்குள் நேராகக் கட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நேரம் வட்டத்தை விட்டுப் பக்கத்துச் சட்டத்துக்குப் பாலம் போடும். அந்தப் பாலத்தோடு வந்ததுதான் என்னிடம் இருக்கிற நல்ல பதக்கம்.

முட்டையோ புழுவோ இருக்கிற அறையை எடுப்பதில்லை. காலி அறைகளோடு வந்தால் மட்டும் எடுக்கிறோம், மற்றதைப் பெட்டிக்கே விடுகிறோம்.

மெழுகு நம் வெயிலில் உருகாதா?

உருகும் என்பதைவிட, இளகும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியஸில். ஆனால் பங்குனி, சித்திரையில் மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்த பையில் அதற்கு முன்பே வளைந்து குழைந்துவிடும். ஆகவே மெழுகை மெழுகாகக் கழுத்தில் போட முடியாது. வெள்ளியில் வார்க்கிறோம்.

இது அப்பா கால வழிதான். மெழுகு உருவைச் சுற்றி நைசான களிமண் பூசி, அடுக்கடுக்காகக் கனமாக்கி உலரவிட்டு, சூடுகாட்டி மெழுகை வடித்து, வெற்றிடத்தில் உருகிய வெள்ளியை ஊற்றுவது. சிக்கல் ஒன்றே ஒன்று: வதைச் சுவர் கடதாசியைவிட மெல்லியது. அந்த மெல்லிய இடுக்குக்குள் வெள்ளி ஓடிச் சேர முன்பே உறைந்துவிடும். அதனால் மெதுவான சூட்டில் உருக்கிய மெழுகை நுண்தூரிகையால் சுவர்களின் வெளிப்புறம் கொஞ்சம் தடிப்பாக்குகிறோம். எவ்வளவு தடிப்பாக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். கூடினால் அறுகோணத்தின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும், குறைந்தால் பாதி வதைதான் வெள்ளியாக வரும். வடித்த மெழுகை வீணாக்குவதில்லை, அடுத்த வார்ப்புக்கு ஆகும்.

முதல் பூச்சுக்குப் புற்றுமண் எடுக்கிறோம். கறையான் சலித்து எடுத்துத் தன் உமிழ்நீரால் பிசைந்த மண் அது, அவ்வளவு நைசு. மழையில் சரிந்து விழுந்த மண்ணை மட்டும்தான் எடுக்கிறோம். நாகதம்பிரானுக்குப் பாலூற்றுகிற ஊரில் உயிர்ப்புற்றில் மண்வெட்டி வைப்பதில்லை. உள்ளே பாம்பும் இருக்கலாம்.

குளவிக்கூட்டை வைத்து ஏதாவது?

நிறைய. சுவரிலும் யன்னல் விளிம்பிலும் சின்ன மண்குடம் கட்டுகிற குளவி இருக்கிறதே, அதன் குடம் இலந்தைப்பழ அளவில், வாய் விரிந்து, ஜிமிக்கிக்கென்றே செய்தது போல இருக்கும். மண்ணை உருண்டையாகப் பிசைந்து ஒவ்வொரு உருண்டையாகக் கொண்டுவந்து வட்டமாக இழைக்கும். உள்ளே முட்டையிட்டு, மயக்கிய புழுக்களை வைத்து வாயை மூடும். குஞ்சு வளர்ந்து சுவரில் வட்டமாக ஒரு துளை போட்டு வெளியேறும். துளை இருந்தால் எடுக்கலாம்.

முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண், குளத்து அடியிலிருந்து எடுத்த கருஞ்சாம்பல் வண்டல் இரண்டையும் ஈரமாக்கித் தட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். குளவி கிட்டே இருக்கிற ஈரமண்ணைத்தான் எடுக்கும். தட்டை மாற்றினால் குடத்தில் நிறம் மாறும், சிவப்பும் கறுப்புமாக வரிகள் வரும். இத்தாலியில் உயிரியல் மாணவர் ஒருவர் கடதாசிக் குளவிகளுக்கு நிறக் கடதாசி கொடுத்து வானவில் கூடு கட்டவைத்தார். அதே யோசனைதான், எங்கள் மண்ணில்.

சுடாத குடம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உமிக்குவியலில் மெதுவாகச் சுடுகிறோம். செம்மண் இன்னும் சிவக்கும், வண்டலும் நிறம் மாறும். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் துளை விழுந்த பிறகும் உடைக்க விடாத வீடுகள் இருக்கின்றன. அவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை.

துப்ரா செய்ததுபோல நீர்ப்புழுவை வைத்து வன்னியில் செய்ய முடியுமா?

அந்தப் புழுக் குடும்பம் இலங்கையிலும் இருக்கிறது. ஆனால் அவர் வேலை குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த நீரில் நடப்பது. கனகராயன் ஆறு கோடையில் மணலாகிக் கிடக்கிறது. மின்சாரமும் பனிக்கட்டியும் செலவழித்துத் தொட்டியைக் குளிரவைப்பது எங்களுக்குச் சரிவராது. அதோடு அங்கே புழுவைப் பழைய வீட்டிலிருந்து வெளியே எடுத்துத்தான் பொன்னுக்குள் விட வேண்டும். மேலே சொன்ன காரணத்தால் அதில் எனக்கு மனமில்லை.

பொன்வண்டு இறக்கை வைத்துச் செய்வீர்களா?

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த தலைமுறை எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. இறக்கை ஓட்டில் உள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் மங்குவதில்லை. ஜப்பானின் ஹோரியு கோவிலில் 7ஆம் நூற்றாண்டுச் சிறுகோயில் ஒன்றைப் பொன்வண்டு இறக்கை பதித்துச் செய்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இறக்கை தைத்த துணிகள் ஐரோப்பாவுக்குப் போயின. 1888இல் லண்டன் மேடையில் எலன் டெரி என்ற நடிகை ஷேக்ஸ்பியரின் மக்பெத் சீமாட்டியாக நடித்தபோது உடுத்த பச்சை ஆடையிலும் இவைதான். 2002இல் பெல்ஜியக் கலைஞர் யான் ஃபாப்ர் பிரசல்ஸ் அரண்மனைக் கூரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இறக்கைகளைப் பதித்தார்.

வடிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டு அங்கே எதையும் கட்டவில்லை, அதன் உடம்பைத்தான் எடுக்கிறோம். ஆகவே இதை நான் கூட்டுவேலை என்று சொல்லமாட்டேன். தானாகச் செத்து மரத்தடியில் கிடந்ததைப் பிள்ளைகள் கொண்டுவந்தால், ஆவி காட்டி இளக்கி, ஊசியால் துளையிட்டு அவர்களுக்கே கோர்த்துக் கொடுப்பேன். விற்பதில்லை. இணையத்தில் பொதி பொதியாக விற்கும் இறக்கைகளை வாங்குவதுமில்லை. அவை எப்படி எடுக்கப்பட்டன என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

அரக்கும் பூச்சி தருவதுதானா?

ஆம். தபால் முத்திரைக்கு உருக்கிய அரக்கு, வளையலுக்கு அரக்கு எல்லாம் ஒன்றே. இலந்தை, புரசு போன்ற மரங்களின் இளங்கிளையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிவப்புக் குஞ்சுகள் அமர்ந்து சாறு உறிஞ்சித் தங்களை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின். பெண்பூச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு வாழ்நாள் முழுதும் நகராது. மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடவில் சிங்களக் கைவினைஞர்கள் நிற அரக்கை இளக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் வெட்டி ஒட்டி, கைத்தடிக்கும் பெட்டிக்கும் கோலமிடுகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டிய வேலை.

பட்டுப்புழு?

முசுக்கொட்டைத் தோட்டம் வைத்து, கிணற்று நீர் இறைக்க வசதி உள்ளவர்கள் முயலலாம். மூலையில்லாத தட்டையான பரப்பில் விட்டால் பட்டுப்புழு கூட்டுக்குப் பதிலாகத் தகடு போல நூற்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் 2013இல் அமெரிக்காவில் வடிவமைப்பாளர் நெரி ஒக்ஸ்மனின் குழு 6,500 புழுக்களைக் கொண்டு ஒரு பட்டு மண்டபத்தை மூடியது. புழுவைக் கொதிநீரில் போடத் தேவையில்லை. நாங்கள் பட்டுப்புழு வேலை செய்வதில்லை.

இதெல்லாம் பாவமில்லையா? அவற்றுக்கு விருப்பமா என்று கேட்க முடியாதே.

நல்ல கேள்வி, கோவில் வாசலில் ஒரு அம்மா என்னிடம் நேராகக் கேட்டது. கேட்க முடியாது, உண்மை. அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல அவற்றுக்கு வழி வைக்கிறோம். ஓலையை எடுக்காவிட்டால் அது சுள்ளியே கட்டட்டும் என்று மரத்தில் திரும்ப விடுகிறோம். தட்டு மண் பிடிக்காவிட்டால் குளவி வாய்க்கால் மண்ணுக்குப் போகும். தேனீ கட்டாத கம்பியை வெளியே எடுத்துவிடுகிறோம். மெக்சிக்கோவின் யுகடானில் உயிருள்ள வண்டின் முதுகில் கல் ஒட்டி, சங்கிலியில் கட்டி, சட்டையில் குத்தி நடக்கிற வழக்கம் உண்டு. பழைய வழக்கம்தான். ஆனால் என் பட்டறையில் அதற்கு இடமில்லை.

காட்டுக்குள் போய்த் தேடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

வேண்டாம். முதலாவது, மிதிவெடி. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்து வருகிறது. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ இருக்கிற இடத்தில் ஒரு காலடிகூட வைக்காதீர்கள். அடையாளமில்லாத பற்றைக்குள்ளும் அந்த ஊராரைக் கேட்காமல் இறங்காதீர்கள். யானை வேறு. வளவு வேலியிலும் தோட்டத்திலும் கிடைப்பதே ஒருவருக்குப் போதும்.

இரண்டாவது, சட்டம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, பலமுறை திருத்தப்பட்டது. சரணாலயத்தில் எதையும் எடுக்கக்கூடாது. 2024இல் யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் சேர்த்த இரண்டு இத்தாலியர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப விரும்பினால், பூச்சிக்கூடு உள்ள நகையென்று சொல்லி வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பழக்கலாமா?

விறகுக்கட்டுப் புழுவை ஏழெட்டு வயதிலேயே பழக்கலாம். கடிக்காது, கொட்டாது. மண்குடக் குளவியை எட்ட நின்று பார்க்கலாம். தேன்பெட்டியைப் பெரியவர் இல்லாமல் திறக்கக் கூடாது. மலைத்தேனீ வதை கட்டிய மரத்தடியில் புகையும் கல்லெறியும் கூடவே கூடாது, கூட்டமாகத் துரத்தும். கொட்டுப்பட்ட ஒருவருக்கு மூச்சு முட்டினாலோ, முகம் உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

விலை எப்படிப் போடுகிறீர்கள்?

வெள்ளிக்கு எடைப்படி. எங்கள் கைவேலைக்கு நாட்கூலிப்படி. பூச்சியின் வேலைக்கு நான் விலை போடுவதில்லை. அந்தப் பங்குக்கு இலந்தை, மருது, நாவல் கன்றுகள் வாங்கி வேலியோரம் நடுகிறோம். நகையோடு கொடுக்கும் சீட்டில் எந்தப் பூச்சி, எந்த மரம், எந்த மாதம் என்று எழுதி, அதற்குக் கீழே எங்கள் பெயரைப் போடுகிறோம்.

வாங்கிய நகையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

குளிக்கும்போது கழற்றுங்கள். சென்ற், சவர்க்காரம், ஸ்பிரிட் படவேண்டாம். ஸ்பிரிட் அரக்குப் பூச்சைக் கரைத்துவிடும். மண்குடத் தோடு கீழே விழுந்தால் உடையும், உடைந்த துண்டைக் கொண்டுவந்தால் வெள்ளியில் ஒரு பட்டி கட்டித் தரலாம். வெள்ளி கறுத்தால் துணியால் மட்டும் துடையுங்கள். கூட்டை எறும்பு ஏறாத டப்பாவில், உலர்ந்த வேப்பிலை இரண்டோடு வையுங்கள். மாரியில் மாதமொருமுறை நிழல்காற்றில் எடுத்து உலர்த்துங்கள். சுள்ளி ஒன்று கழன்றால் ஒட்டுப்பசை பூசாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.